இரண்டு கார், இரண்டு எலும்புக்கூடு

எக்ஸ்யூவி 700 வெளியானது 2021 ஆகஸ்டில். ஸ்கார்பியோ-என் அடுத்த ஆண்டு ஜூனில் வந்தது. இரண்டும் மஹிந்திரா வண்டிகள். செங்கல்பட்டுக்கு அருகே மஹிந்திரா வேர்ல்டு சிட்டியில் இருக்கும் ஒரே ஆராய்ச்சி மையத்தில்தான் இரண்டின் பொறியியல் வேலையும் நடந்தது. 2.2 லிட்டர் டீசல் எஞ்சினும் 2 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் இரண்டுக்கும் பொது. முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம்கூட ஒன்றுதான்: 2,750 மில்லிமீட்டர். விலையும் இருபது லட்சத்துக்கு முன்னும் பின்னுமாக ஒரே வட்டத்தில்தான் இருந்தது.

இத்தனை ஒற்றுமை இருந்தும், ஒரத்தநாட்டிலிருந்து தஞ்சாவூருக்கு இரண்டிலும் கடைசி வரிசையில் உட்கார்ந்து வந்தால் வித்தியாசம் தெரிந்துவிடும். மதகுக்கு மதகு மேடேறி இறங்கும் டெல்டா சாலையில் ஸ்கார்பியோ-என்னில் தலை இடமும் வலமும் ஆடும். எக்ஸ்யூவியில் அந்த ஆட்டம் குறைவு. முன்னதில் ஏற வீட்டுப் பெரியவர்களுக்குக் கைப்பிடியும் கால்படியும் தேவைப்படும். பின்னதில் ஏறுவது கொஞ்சம் சுலபம். "நம்ம ஊரு ரோட்டுக்கு ஸ்கார்பியோதாண்ணே, எங்க வேணா இறக்கலாம்" என்பார் ஒருவர். "குடும்பத்தோட போறதுன்னா எக்ஸ்யூவிதான் மாப்ள" என்பார் இன்னொருவர். இருவருமே அனுபவத்தில் கண்டதைத்தான் சொல்கிறார்கள். காரணம் எஞ்சினில் இல்லை. இருக்கைக்கும் சக்கரத்துக்கும் நடுவே கண்ணில் படாமல் இருக்கும் எலும்புக்கூட்டில் இருக்கிறது. கார் வாங்கப் போகிறவர்கள் தொடுதிரையின் அளவைக் கேட்கிறார்கள், சன்ரூஃப் உண்டா என்று கேட்கிறார்கள். எலும்புக்கூட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. குடும்பத்துக்கான கார் என்றால் முதலில் கேட்க வேண்டியதே அதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

ஸ்கார்பியோ-என்னின் அடியில் இரண்டு நீண்ட எஃகுத் தண்டுகள் முன்னிருந்து பின்வரை ஓடுகின்றன. அவற்றைக் குறுக்குத் தண்டுகள் இணைக்கின்றன. படுக்க வைத்த ஏணி மாதிரியே இருப்பதால் லேடர் ஃபிரேம் என்ற பெயர். தமிழில் ஏணிச் சட்டகம் என்போம். எஞ்சின், கியர்பாக்ஸ், அச்சுகள் எல்லாம் அந்தச் சட்டகத்தில் போல்ட் போட்டுப் பூட்டப்பட்டிருக்கும். நாம் உட்காரும் கூடு தனியாகச் செய்யப்பட்டு, நடுவில் ரப்பர் தாங்கிகள் வைத்து மேலே ஏற்றப்படும். லாரியும் பஸ்ஸும் இந்த வகைதான். 1947-ல் மஹிந்திரா இந்தியாவில் பூட்டத் தொடங்கிய வில்லிஸ் ஜீப்பும் இதே வகை.

எக்ஸ்யூவி 700-இன் அடியில் அப்படித் தனிச் சட்டகம் கிடையாது. தரைத் தகடு, கதவுக்குக் கீழே ஓடும் விளிம்பு, கதவுத் தூண்கள், கூரை எல்லாம் ஒன்றோடொன்று பற்றவைக்கப்பட்டு, கூடே சட்டகமாக நின்று பாரத்தைத் தாங்குகிறது. மோனோகாக் என்று ஷோரூமில் சொல்வது இதைத்தான். ஒற்றைக்கூடு என்று வைத்துக்கொள்வோம். புது நுட்பம் என்று நினைக்க வேண்டாம். இத்தாலியின் லான்சியா நிறுவனம் 1922-லேயே இதைக் காரில் கொண்டுவந்தது. "அந்தக் காலத்து வண்டி, இரும்பு" என்று நாம் இன்றும் புகழும் அம்பாசடரும் ஒற்றைக்கூடு வண்டிதான். பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு காரிலிருந்து வந்த அந்த வண்டிக்கு ஏணிச் சட்டகம் இருந்ததே இல்லை. டெல்டாவின் கப்பிச் சாலையிலும் மண் சாலையிலும் கல்யாணக் கோஷ்டியை அடைத்துக்கொண்டு பல தலைமுறை ஓடியது அது. சட்டகம் இல்லாத வண்டி நம் ஊர் ரோட்டைத் தாங்காது என்று சொல்பவர்களுக்கு இந்த ஒரு பதில் போதும்.

மெல்லிய தகடுகளைச் சேர்த்து ஒட்டிய கூடு எப்படி அவ்வளவு பாரம் தாங்கும் என்ற சந்தேகம் நியாயமானது. வீட்டில் காலியான செருப்புப் பெட்டி இருந்தால் எடுத்து, மூடியைக் கழற்றிவிட்டு, இரு முனையையும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். எளிதாகத் திருகிக்கொள்ளும். இப்போது மூடியை வைத்துச் சுற்றிலும் டேப் ஒட்டிவிட்டு மறுபடி முறுக்குங்கள். அதே அட்டை, அதே கனம், ஆனால் அசையாது. மூடிய பெட்டியில் ஒரு பக்கம் திருக முயன்றால் மற்ற ஐந்து பக்கங்களும் சேர்ந்து எதிர்க்கின்றன. முறுக்கை எதிர்த்து நிற்கும் இந்தக் குணத்துக்கு முறுக்கு விறைப்பு என்று பெயர். ஒற்றைக்கூடு காரில் கூரைவரை எல்லாத் தகடும் இந்த வேலையைப் பங்கிட்டுக்கொள்கின்றன.

ஏணியின் பலம் வேறு இடத்தில் இருக்கிறது. நீளவாட்டில் பாரம் ஏற்றினால் வளையாமல் தாங்கும். டிரெய்லரைக் கட்டி இழுத்தால் அந்த இழுவை நேராகத் தண்டில் போய்ச் சேரும், கூட்டுக்குத் தொல்லை இல்லை. ஆனால் ஒரு மூலையை உயர்த்தி எதிர் மூலையைத் தாழ்த்தினால் ஏணி நெளியும். இன்றைய சட்டகங்களில் தண்டுகளை நான்கு பக்கமும் மூடிய குழலாகச் செய்து இந்தக் குறையை வெகுவாகக் குறைத்திருக்கிறார்கள். இருந்தாலும் கூடும் சட்டகமும் தனித்தனி உறுப்புகள், நடுவில் ரப்பர். சக்கரத்தில் விழும் அடி இரண்டு தவணையாக வந்து சேர்வதுபோல ஒரு நடுக்கம் மிஞ்சும்.

இதோடு அச்சு விஷயமும் சேர்கிறது. ஸ்கார்பியோ-என்னின் பின் சக்கரங்கள் இரண்டையும் ஒரே திட அச்சு இணைக்கிறது. இடது சக்கரம் மதகு மேட்டின் ஓரத்தில் ஏறினால் வலது சக்கரமும் சாயும், அச்சோடு சேர்ந்து வண்டியின் பின்பகுதி பக்கவாட்டில் தள்ளப்படும். எக்ஸ்யூவியில் பின் சக்கரங்கள் தனித்தனியாக ஏறி இறங்கும். ஒன்றின் மேடு மற்றதைத் தொடாது.

கடைசி வரிசையில் குழந்தைகள் முகம் வெளுத்து உட்கார்ந்திருப்பதற்கு இதில் ஒரு விளக்கம் கிடைக்கிறது. மனித உடல் எந்த ஆட்டத்தை எவ்வளவு தாங்கும் என்பதை அதிர்வு மேடைகளில் ஆட்களை உட்கார வைத்துத்தான் கண்டுபிடித்தார்கள். மேலும் கீழுமான அதிர்வு நொடிக்கு 4 முதல் 8 முறை வந்தால் உடல் அதிகம் வருந்துகிறது. பக்கவாட்டு ஆட்டத்தில் நொடிக்கு ஒன்று, இரண்டு என்ற மெதுவான அசைவே உடலை வாட்டப் போதும். இந்த அளவுகள் ஐஎஸ்ஓ 2631 என்ற உலகத் தரநிலையில் பதிவாகியிருக்கின்றன. குமட்டலுக்குக் காரணமான ஆட்டம் இன்னும் மெதுவானது. 1974-ல் ஓஹான்லன், மெக்காலி என்ற அமெரிக்க ஆய்வாளர்கள் மேலும் கீழும் ஆடும் அறையில் ஆட்களை வைத்துச் சோதித்தபோது, ஐந்து நொடிக்கு ஒருமுறை வரும் நீண்ட ஆட்டத்தில்தான் மிக அதிகம் பேருக்கு வாந்தி வந்தது. படகுப் பயணத்தில் நிகழ்வதும் அதுதான். காருக்குள் கண் முன் இருக்கையின் முதுகைப் பார்க்கிறது, அது அசையவில்லை என்கிறது. உள்காதில் உள்ள சமநிலை உறுப்போ ஆடுகிறோம் என்கிறது. இந்த முரண்பாட்டை மூளை சகிப்பதில்லை. கடைசி வரிசையில் ஜன்னலும் சிறியது, பின் அச்சுக்கு மேலேயே இருக்கையும் இருப்பதால் ஆட்டமும் அதிகம். பிள்ளைகளைக் கடைசி வரிசையில் அனுப்பிவிட்டுப் பெரியவர்கள் நடுவில் உட்காரும் நம் வழக்கத்தைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

சட்டகம் ஒன்று அடியில் இருந்தால் அதற்கு மேல்தான் தரை வரும். ஆகவே தரை உயரும், இருக்கை உயரும், கூரையும் உயரும். ஸ்கார்பியோ-என்னின் உயரம் 1,857 மில்லிமீட்டர், எக்ஸ்யூவியின் உயரம் 1,755. பத்து சென்டிமீட்டர் வித்தியாசம். உயரத்தில் உட்கார்ந்தால் சாலை நன்றாகத் தெரிகிறது, ஓட்டுபவருக்குத் தைரியமாக இருக்கிறது. அந்தத் தைரியத்துக்கு ஈடாக ஒன்றை இழக்கிறோம்.

எந்தப் பொருளுக்கும் அதன் எடை முழுவதும் குவிந்திருப்பதாகக் கொள்ளத்தக்க ஒரு புள்ளி உண்டு, அதை நிறை மையம் என்பார்கள். அந்தப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ அவ்வளவு எளிதாக வண்டி கவிழும். இரு சக்கரங்களுக்கும் இடைப்பட்ட அகலம் கூடினால் கவிழ்வது கடினமாகும். காரைப் பிளந்து பார்க்காமல் உள்ளே ஒரு கற்பனைப் புள்ளி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்று எப்படிச் சொல்வது? வழி அழகானது. நான்கு சக்கரத்தையும் நான்கு தராசில் நிறுத்தி எடை பார்ப்பார்கள். பிறகு பின்பக்கத்தை மட்டும் உயர்த்தி மறுபடி எடை பார்ப்பார்கள். முன் தராசுகளில் எடை கொஞ்சம் கூடியிருக்கும். எவ்வளவு கூடியது என்பதிலிருந்து நிறை மையத்தின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். இன்னொரு வழி, வண்டியைச் சாயும் மேடையில் ஏற்றி, மேல்பக்கச் சக்கரங்கள் மேடையைவிட்டு எழும்வரை சாய்ப்பது.

அமெரிக்காவின் நெடுஞ்சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2001 முதல் கவிழும் வாய்ப்புக்கென்றே கார்களுக்கு மதிப்பெண் தருகிறது. சக்கர அகலத்தில் பாதியை நிறை மையத்தின் உயரத்தோடு ஒப்பிட்டு வரும் எண்தான் அதற்கு அடிப்படை. சாதாரணக் கார்களுக்கு அது பெரும்பாலும் 1.3 முதல் 1.5 வரை. எஸ்யூவி, பிக்கப், வேன் வகைகளுக்கு 1 முதல் 1.3 வரை. எண் குறையக் குறையக் கவிழும் வாய்ப்பு கூடும்.

அந்த அமைப்பு கண்ட இன்னொரு செய்தி டெல்டாக்காரர்கள் மனத்தில் பதிய வேண்டியது. வேறு வண்டியோடு சம்பந்தப்படாமல் தனியாகக் கவிழ்ந்த வண்டிகளில் 95 சதவீதம் தார்ச்சாலையில் வளைந்ததால் மட்டும் கவிழவில்லை. சாலையைவிட்டு விலகி, மெத்தென்ற மண்ணிலோ பள்ளத்திலோ சக்கரம் தடுக்கிய பிறகே கவிழ்ந்தன. நம் சாலைகளை நினைத்துப் பாருங்கள். ஆற்றங்கரை மேல் ஓடும் ஒற்றைச் சாலை, ஒருபுறம் வெண்ணாறோ புது ஆறோ, மறுபுறம் ஓர் ஆள் ஆழத்தில் வயல். ஐப்பசி மழையில் ஊறிய வண்டல் மண்ணில் தார் விளிம்புக்கு வெளியே ஒரு சக்கரம் இறங்கினால் ஓரம் சரியும். எதிரே பஸ் வந்தால் இடதுபுறம் ஒதுங்கத்தான் வேண்டும். சக்கரம் தடுக்குவதற்கு இதைவிட வாய்ப்பான இடம் வேறு இல்லை. தாழ்ந்த நிறை மையம் இங்கே வெறும் சொகுசு விஷயமாக இருக்க முடியாது. 1995-ல் மெர்சிடிஸ் காரில் முதலில் வந்த மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, வண்டி திசைமாறித் திருகத் தொடங்கும்போது ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே பிரேக் பிடித்து நேராக்குகிறது. ஈஎஸ்பி அல்லது ஈஎஸ்சி என்று பட்டியலில் இருக்கும். வாங்குகிற மாடலில் அது இருக்கிறதா என்று பார்க்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.

இந்த இரண்டு வண்டியிலும் மூன்று வரிசையும் நிமிர்ந்திருந்தால் பின்னால் மூட்டை வைக்க இடம் மிகக் குறைவு. உடனே கூரைக்கு மேல் கேரியர் போட்டு ஊரிலிருந்து அரிசி மூட்டையை ஏற்றுகிறோம். நூறு கிலோவை அத்தனை உயரத்தில் வைத்தால் நிறை மையம் மேலே போகும். மூட்டை தரையில் இருக்கட்டும். இடம் போதவில்லை என்றால் கடைசி வரிசையை மடியுங்கள், அல்லது மூட்டையைப் பார்சலில் அனுப்புங்கள்.

அடுத்து மோதல். வண்டி உறுதியாக, நசுங்காமல் இருந்தால் உள்ளே இருப்பவர்கள் பிழைப்பார்கள் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். உண்மை இதற்கு நேர் எதிர். மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கார் சுவரில் மோதி நிற்கிறது என்று கொள்வோம். முன்பகுதி 65 சென்டிமீட்டர் நசுங்கி நின்றால், பெல்ட் போட்டவர் மேல் விழும் விசை சராசரியாக அவர் எடையைப்போல 15 மடங்கு. முப்பது சென்டிமீட்டர்தான் நசுங்கியது என்றால் அது 30 மடங்கைத் தாண்டிவிடும். நிற்பதற்குக் கிடைத்த தூரம் பாதியானால் உடல் வாங்கும் அடி இரட்டிக்கிறது. மெர்சிடிஸ் நிறுவனத்தில் இருந்த பேலா பரேனி என்ற பொறியாளர் 1950-களின் தொடக்கத்திலேயே இதை உணர்ந்து, முன்னும் பின்னும் நசுங்கக்கூடிய பகுதியும் நடுவில் நசுங்காத அறையும் கொண்ட காருக்குக் காப்புரிமை பெற்றார். 1959-ல் அது காராகவே வந்தது. விபத்தில் முன்பக்கம் கூழான காரின் படத்தைப் பார்த்து "தகர டப்பா" என்று சொல்கிறவர்கள், கதவுகள் திறந்தனவா, உள்ளறை உருக்குலையாமல் இருந்ததா என்பதைப் பார்க்க வேண்டும்.

இதே கணக்கில் ஒரு செய்தி இருக்கிறது. மடியில் இருக்கும் பத்துக் கிலோ குழந்தை அந்த நொடியில் 150 கிலோவாக முன்னே பாயும். எந்தத் தாயின் கையும் அதைப் பிடித்து நிறுத்தாது.

ஒற்றைக்கூட்டில் எந்தத் தகடு எந்த வரிசையில் மடங்க வேண்டும் என்று திட்டமிடுவது எளிது. ஏணிச் சட்டகத்தின் தடித்த தண்டுகளை மடங்க வைப்பது கடினம், ஆனால் முடியாதது அல்ல. ஸ்கார்பியோ-என்னும் எக்ஸ்யூவி 700-உம் குளோபல் என்கேப் அமைப்பின் மோதல் சோதனையில் பெரியவர்கள் பாதுகாப்பில் 5 நட்சத்திரம் பெற்றவை. இரண்டின் உள்ளறையும் நிலையானது என்றே அறிக்கை சொன்னது. குழந்தைகள் பாதுகாப்பில் எக்ஸ்யூவிக்கு 4 நட்சத்திரம், ஸ்கார்பியோ-என்னுக்கு 3. விற்பனையாளர் சொல்லும் இந்த எண்களை அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிடக் கூடாது. எக்ஸ்யூவி சோதிக்கப்பட்டது 2021 நவம்பரில், பழைய விதிகளின்படி. அதற்குப் பெரியவர் பாதுகாப்பில் 17-க்கு 16.03. ஸ்கார்பியோ-என் சோதிக்கப்பட்டது 2022 டிசம்பரில். அதற்குள் விதிகள் கடுமையாகிப் பக்கவாட்டு மோதலும் பாதசாரி பாதுகாப்பும் கணக்கில் சேர்ந்துவிட்டன. அது பெற்றது 34-க்கு 29.25. வேறு வேறு வினாத்தாள் எழுதிய இருவரின் மதிப்பெண்கள் அவை.

சோதனை நடக்கும் விதத்தையும் தெரிந்துகொள்வது நல்லது. மணிக்கு 64 கிலோமீட்டர் வேகத்தில் காரின் முகப்பில் 40 சதவீதம் மட்டும் படும்படி, நசுங்கக்கூடிய தடுப்பில் மோதவைக்கிறார்கள். எதிரே வரும் வண்டி ஓட்டுநர் பக்கமாக மோதுவது போன்ற நிலைமை அது. உள்ளே இருக்கும் பொம்மைகளின் தலை, மார்பு, தொடை எல்லாவற்றிலும் உணரிகள். நம் நாட்டின் பாரத் என்கேப் 2023 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. மோதல் சோதனைக்கூடம் தமிழ்நாட்டிலேயே ஒரகடத்தில் இருக்கிறது. 2024-ல் பாரத் என்கேப் சோதித்த மஹிந்திராவின் தார் ராக்ஸ், ஏணிச் சட்டக வண்டிதான். பெரியவர் பாதுகாப்பில் 32-க்கு 31.09 வாங்கி 5 நட்சத்திரம் பெற்றது. ஆகவே சட்டகம் இருந்தால் ஆபத்து என்று சொல்வதும் தவறு, சட்டகம் இருந்தால்தான் பாதுகாப்பு என்று சொல்வதும் தவறு. வடிவமைத்த பொறியாளர் எவ்வளவு மெனக்கெட்டார் என்பதைச் சோதனை காட்டும்.

ஆனால் சோதனைப் பொம்மைகள் காருக்குள் இருக்கின்றன. டெல்டாச் சாலையில் காருக்கு வெளியே இருப்பவர்கள்தான் அதிகம். நாற்று நடப் போகும் பெண்கள், சைக்கிளில் பள்ளிப் பிள்ளைகள், டிவிஎஸ் எக்செல்லில் உரமூட்டை. அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் சாலைப் பாதுகாப்பு அமைப்பு 2023-ல் பாதசாரி விபத்துகளை ஆராய்ந்தபோது, பானெட்டின் முன்விளிம்பு ஒரு மீட்டருக்கு மேல் உயர்ந்திருந்த வண்டிகளால் இடிபட்டவர்கள் இறக்கும் வாய்ப்பு, 76 சென்டிமீட்டருக்குள் தாழ்ந்து சரிந்த பானெட் கொண்ட வண்டிகளைவிட ஏறத்தாழ 45 சதவீதம் அதிகம் என்று கண்டது. தாழ்ந்த முகப்பு காலை இடித்து ஆளைப் பானெட்டின் மேல் சாய்க்கும். உயர்ந்து நிமிர்ந்த முகப்பு மார்பையும் தலையையும் இடிக்கும். சிறு குழந்தை நேர் முன்னால் நின்றால் ஓட்டுபவருக்குத் தெரியவே தெரியாது. கம்பீரமான முகப்பு என்று விளம்பரம் சொல்வதை இந்தக் கண்ணோடும் பார்க்க வேண்டும்.

நான்கு சக்கர இழுவையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. தஞ்சாவூர் கடல் மட்டத்திலிருந்து அதிக உயரத்தில் இல்லை. அங்கிருந்து நாகப்பட்டினம் 80 கிலோமீட்டருக்கு மேல். கிலோமீட்டருக்கு ஒரு மீட்டர்கூடச் சரிவு இல்லாத நிலம் இது. செங்குத்து ஏற்றம் ஏறும் குறைவேகக் கியருக்கு இங்கே வேலை இல்லை. சேற்றில் சிக்கிய வண்டியைக் கிளப்ப நான்கு சக்கர இழுவை உதவும். பிரேக் பிடிக்கும்போது உதவாது. எல்லாக் கார்களும் நான்கு சக்கரத்திலும்தான் பிரேக் பிடிக்கின்றன. சாலையோடு நமக்குள்ள உறவு, டயருக்கு ஓர் உள்ளங்கை அளவு ரப்பர் மட்டுமே. கூடுதல் பணத்தை நல்ல டயருக்குச் செலவழித்தால் தினமும் பயன்படும்.

நம் பகுதிக்கே உரிய ஆபத்து ஒன்று உண்டு. அறுவடைக் காலத்தில் சாலையே களம். உளுந்துக் கொடியையும் எள்ளுச் செடியையும் வண்டிச் சக்கரம் மிதித்துப் பிரிக்கட்டும் என்று பரப்புகிறார்கள், நெல்லைக் காயப்போடுகிறார்கள். உருளும் தானியத்தின் மேல் பிரேக் பிடித்தால் வண்டி வழுக்கும். உயர்ந்த வண்டி என்றால் தூக்கிப்போட்டுத் தாண்டிவிடலாம் என்று எண்ணி வேகமாக ஏற்றக் கூடாது. காய்ந்த வைக்கோல் அடியில் சுற்றிக்கொண்டால் இன்னும் மோசம். 2020 ஏப்ரலில் பிஎஸ் 6 விதி வந்தபின் டீசல் கார்களின் புகைக்குழாயில் கரி வடிகட்டி ஒன்று இருக்கிறது. அதில் சேரும் கரியை வண்டி தானாகவே அவ்வப்போது எரித்துச் சுத்தம் செய்துகொள்ளும். அப்போது உள்ளே வெப்பம் 600 டிகிரி செல்சியஸை எட்டும். அதில் பாதி வெப்பத்துக்கே வைக்கோல் பற்றிக்கொள்ளும். வைக்கோல் கிடக்கும் இடத்தில் எந்தக் காரையும் நிறுத்த வேண்டாம், டீசல் காரை நிறுத்தவே வேண்டாம்.

இதே வடிகட்டிதான் டீசலா பெட்ரோலா என்ற கேள்விக்கும் விடை சொல்கிறது. கரி எரிய எஞ்சின் நன்றாகச் சூடேறி, ஒரே வேகத்தில் கொஞ்ச நேரம் ஓட வேண்டும். பள்ளிக்கு மூன்று கிலோமீட்டர், மார்க்கெட்டுக்கு இரண்டு என்று ஓடும் காரில் அது சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும். கரி சேர்ந்து அடைத்துக்கொள்ளும், எச்சரிக்கை விளக்கு எரியும், செலவு வைக்கும். வாரம் ஒருமுறையாவது திருச்சி, கும்பகோணம் என்று நெடுந்தூரம் போகாத குடும்பம் இந்த இரண்டு வண்டியில் எதை வாங்கினாலும் பெட்ரோலே வாங்கட்டும்.

வெள்ளத்தைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். 2008 நவம்பரில் நிஷா புயலின்போது ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அப்படிப்பட்ட மழையில் பெரிய வண்டி தண்ணீரில் நிற்கும் என்று நம்பி இறங்குகிறார்கள். அமிழ்ந்த பொருள் எவ்வளவு தண்ணீரை விலக்குகிறதோ அவ்வளவு எடை அதை மேலே தூக்கும் என்பது ஆர்க்கிமிடிஸ் விதி. பயணிகள் அறையின் தரை சுமார் ஆறு சதுர மீட்டர். தண்ணீர் தரைக்கு மேல் ஒவ்வொரு பத்து சென்டிமீட்டர் உயரும்போதும் சுமார் 600 கிலோ பாரத்தை அது தூக்கிக்கொள்கிறது. தரைக்கு மேல் முழங்கால் அளவு ஏறுவதற்குள் இரண்டு டன் வண்டியின் சக்கரங்கள் பிடிமானம் இழந்துவிடும். ஓடும் தண்ணீர் இரண்டடி இருந்தால் எஸ்யூவியையும் அடித்துச் செல்லும் என்று அமெரிக்க வானிலைத் துறை எச்சரிக்கிறது. கதவு இறுக்கமாக மூடும் புது வண்டி பழைய வண்டியைவிட நன்றாகவே மிதக்கும். சாலைக்குக் குறுக்கே தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுவதுதான் ஒரே வழி. அங்கே இரண்டு வண்டிக்கும் வித்தியாசம் இல்லை.

என் தீர்ப்பை மறைக்காமல் சொல்கிறேன். தஞ்சாவூரிலோ கும்பகோணத்திலோ மன்னார்குடியிலோ வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளி, பெரியவர்களுக்கு மருத்துவமனை, மாதம் ஒருமுறை குலதெய்வம் கோயில், ஆண்டுக்கு இரண்டு மூன்று முறை சென்னை என்று இருக்கும் குடும்பத்துக்கு ஒற்றைக்கூடு வண்டிதான் பொருத்தம். இந்த இரண்டில் அது எக்ஸ்யூவி 700. டிரெய்லர் இழுக்க வேண்டியவர்கள், மழைக்காலத்திலும் வயல்வழி மண்பாதையில் வாரத்துக்குப் பல நாள் போக வேண்டியவர்கள் ஏணிச் சட்டகத்துக்குப் போகலாம். அவர்களுக்கு அது உழைக்கும், நீண்ட நாள் உழைக்கும். நிறுவனம் பெயரையும் முகப்பையும் மாற்றி வேறு மாடல் கொண்டுவந்தாலும், வேறு கம்பெனி வண்டிகளை ஒப்பிட்டாலும், இதே கேள்விகளைக் கேளுங்கள்: அடியில் சட்டகம் உண்டா, பின் அச்சு எப்படிப்பட்டது, நிலைப்புக் கட்டுப்பாடு இந்த மாடலில் இருக்கிறதா, மோதல் சோதனை எந்த ஆண்டு விதிப்படி நடந்தது.

டெஸ்ட் டிரைவுக்குத் தனியாகப் போகாதீர்கள். வீட்டில் மூட்டுவலி உள்ளவரை அழைத்துப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள், பிள்ளைகளைக் கடைசி வரிசையில் உட்கார வையுங்கள், பைபாஸை விட்டு மதகு மேடுகள் உள்ள கிராமச் சாலையில் ஓட்டச் சொல்லுங்கள். எந்த வண்டியை வாங்கினாலும் பின்னிருக்கையில் இருப்பவர்களும் பெல்ட் போட வேண்டும், சட்டப்படியும் அது கட்டாயம். சிறு குழந்தை இருக்கும் வீடு என்றால், சன்ரூஃப் உள்ள மாடலுக்குக் கொடுக்கவிருந்த கூடுதல் பணத்தில் ஒரு பகுதியில் குழந்தை இருக்கை ஒன்றை வாங்கி, வண்டி வீட்டுக்கு வரும் நாளிலேயே பொருத்திவிடுங்கள்.